டெல்லிக்காரரின் சுக்கிரனும் அக்காவின் பந்தலும்

எழுபதுகளின் கடைசியில் டெல்லியில் ஆட்சி மாறி, புதிதாக ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. எங்கள் வீட்டைப் பற்றியோ, எங்கள் கிணற்றைப் பற்றியோ அவருக்கு என்ன தெரியும்? என் கோபமெல்லாம் அவருடைய ஜாதகத்தின்மேல். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஜாதகத்தை ஓடைப்பட்டி உரக்கடைச் சுவரில் ஒட்டிவைத்து அதன் கீழே நின்று தலையாட்டிய ஆண்கள்மேல். இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

உரக்கடைக்காரரின் மாமனார்தான் ஜோசியர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஒரு மர நாற்காலியைப் போட்டு, பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுவரைக்கும் கல்யாணப் பொருத்தம், கிணறு வெட்ட நாள், காணாமல் போன மாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை. கடைக்கு ரேடியோ வந்த பிறகுதான் அவருக்கு நாட்டு நடப்பில் ருசி தட்டியது. மாட்டைத் தேடுவதை விட்டுவிட்டு மந்திரிசபையைத் தேட ஆரம்பித்தார்.

புதுத் தலைவர் பதவியேற்ற வாரத்தில் ரேடியோவில் அவருடைய திட்டங்களைச் சொன்னார்கள். கிராமத்துக்குத்தான் முதல் பணம், சிறு விவசாயிக்குக் கடன், நகரத்துச் சொகுசுப் பொருள்களுக்குக் கூடுதல் வரி என்று எல்லாத் தலைவரும் வந்த புதிதில் சொல்வதுதான். எள் என்றோ திராட்சை என்றோ ஒரு வார்த்தை அதில் இல்லை. ஆனால் மாமாவுக்குத் திட்டம் முக்கியமில்லை, திட்டம் போட்டவரின் கட்டம்தான் முக்கியம். ஒரு வாரப் பத்திரிகையில் தலைவரின் பிறந்த தேதி கிடைத்தது. நேரம் கிடைக்கவில்லை. நேரம் இல்லாமல் லக்னம் கணிக்க முடியாது. என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகையில் வந்த போட்டோவைப் பார்த்து, மூக்கையும் நெற்றியையும் வைத்து லக்னத்தைக் கண்டுபிடித்தார்! அந்தப் போட்டோவை நானும் பார்த்திருக்கிறேன். அச்சு மை பரவி, மூக்கு எங்கே முடிகிறது, மீசை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. அந்த மூக்கிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு விதி வந்தது.

கட்டம் போட்டாகிவிட்டது. துலாத்தில் சனி உச்சம். கன்னியில் சுக்கிரன் நீசம். ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தானியம் உண்டு என்பது கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சனிக்கு எள், குருவுக்குக் கொண்டைக்கடலை, செவ்வாய்க்குத் துவரை. மாமா அதோடு நிற்கவில்லை. சனியின் பொருள்களெல்லாம் இந்த ஆட்சியில் ஏறும் என்றார். எள்ளு, நல்லெண்ணெய், இரும்பு, கேழ்வரகு. சுக்கிரனின் பொருள்களெல்லாம் இறங்கும். பட்டு, சென்ட், சினிமா, அப்புறம் திராட்சை. திராட்சை எப்படி இந்த வரிசைக்குள் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சொகுசுக்கு வரி என்று ரேடியோவில் சொன்னார்களே, சுக்கிரன்தானே சொகுசு, திராட்சை சொகுசுக்காரர்கள் தின்பதுதானே என்று அவரே முடிச்சுப் போட்டுக்கொடுத்தார். திராட்சை பயிரிட்டே வயிறு வளர்த்த ஊர் எங்களுடையது. அந்த ஊரின் நடுவில் நின்றுகொண்டு சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் அப்போது சுருளிப்பட்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், திங்கள் விடியற்காலை திரும்புவேன். வீட்டில் அப்பா, அண்ணன் குடும்பம், அக்கா. அம்மா முன்பே போய்விட்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். போடியில் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. முழங்கைக்கு மேலே இருந்த தழும்பைப் பார்த்த பிறகு நாங்களும் கேட்கவில்லை. அப்பா கிணற்றுக்குக் கிழக்கே ஒரு ஏக்கரைக் காட்டி, இது உனக்கு என்று வாயால் சொன்னார். பத்திரம் எழுதவில்லை. அந்த ஒரு ஏக்கரோடு கிணற்றில் ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் தண்ணீர் முறை. மற்ற ஐந்து நாளும் அண்ணனுக்கு. ஒரே கிணறு, ஒரே மோட்டார். யார் முறையோ அவர்கள் சுவிட்சைப் போடுவார்கள்.

அக்கா நாலு மாதம் யாரிடமும் பேசாமல் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பன்னீர் திராட்சை வைத்தாள். கல்லுக்கால் ஊன்றி, மேலே கம்பி இழுத்து, பந்தல் போட்டாள். கம்பி கட்டும்போது ஆட்களோடு அவளும் ஏணியில் நின்றாள். ஒவ்வொரு கொடியையும் சணல் கயிற்றில் பிடித்து மேலே ஏற்றினாள். முதல் வருஷம் பழம் இல்லை. அதன் பிறகு இரண்டு அறுவடை எடுத்துவிட்டாள். கூடலூர் வழியாக வந்து லாரியில் ஏற்றிப் போகும் கேரளத்து வியாபாரி, கொத்தைத் தூக்கிப் பார்த்து, "சேச்சீடெ முந்திரி கொள்ளாம்" என்பார். முந்திரி என்றால் அவர்கள் ஊரில் திராட்சை. நல்லா இருக்கு என்கிறார் என்று அக்கா எனக்கு அர்த்தம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். போடியில் யாரும் அவளிடம் எதையும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

அந்தப் பந்தல் இருந்தால் அவள் தன் சோற்றைத் தான் தின்பாள். பந்தல் போனால் அண்ணன் வீட்டு அடுப்படியில் சாகிறவரைக்கும் பாத்திரம் கழுவவேண்டும். இதற்கு நடுவில் வேறு வழி எதுவும் எங்கள் ஊரில் அவளுக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் ஊற்றச் சொல்லும் தோரணையில், "அந்தப் பந்தலை எடுத்துற வேண்டியதுதான்" என்றார்.

"எந்தப் பந்தலை?" என்று கேட்டேன்.

"நம்ம காட்டுல எத்தன பந்தல் இருக்கு? தங்கச்சி பந்தலைத்தான். டெல்லிக்காரருக்குச் சுக்கிரன் நீசமாம்ல. திராட்சை இனிமே எடுபடாதுன்னு மாமா அடிச்சுச் சொல்லிட்டாக. எள்ளு வெதச்சா தப்பிச்சுக்கிருவோம்."

"டெல்லிக்காரருக்கு நீசம்னா டெல்லிக்குப் போயிப் பந்தலைப் பிரிக்கச் சொல்லுண்ணே."

"டீச்சரம்மா வாயப் பாத்தியளா?" என்று அப்பாவிடம் திரும்பினார்.

அப்பாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாதபோதெல்லாம் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அன்றைக்கும் துடைத்துக்கொண்டு, "பெரியவுக சும்மா சொல்லுவாகளா?" என்றார். அக்கா அண்ணனின் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ரசத்தை அவர் தலையில் ஊற்றியிருக்கவேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாயங்காலம் அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். பெண்கள் அந்தக் கடைக்குள் வருவதில்லை. நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சுவரில் அந்தக் கட்டம், பச்சை மையில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஒட்டியிருந்தது.

"மாமா, இவருக்குப் பிறந்த நேரம் எங்கன கெடச்சது?" என்று கேட்டேன்.

"மூக்கைப் பாரு ஆத்தா. அதுலயே எழுதியிருக்கு."

"மூக்குல மைதான் இருக்கு."

கடையில் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். மாமா கோபப்படவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். தான் சொல்வதை மனசார நம்பினார். நாட்டை ஆளுகிறவனின் ஜாதகம்தான் குடிமக்களின் ஜாதகத்துக்கு மேலே, ராஜாவுக்குச் சுக்கிரன் கெட்டால் குடிகளின் சுக்கிரன் என்ன செய்யும் என்று எனக்கு நிதானமாக விளக்கினார்.

என் பின்னால் நின்ற அக்கா முன்னால் வந்து, "எனக்கு ஒருவாட்டி பாருங்களேன் மாமா" என்றாள்.

"ஒனக்குத்தான் ஜாதகமே எழுதலையே தாயி. பொட்டப்பிள்ளைக்குன்னு ஒங்க அப்பா விட்டுட்டாரு."

"அந்தாளுக்கும் நேரம் தெரியலைதான? பேப்பர்ல பாத்துச் சொன்னீகள்ல. நான் இங்கனதான நிக்கிறேன். என் மூக்கைப் பாத்துச் சொல்லுங்க."

மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சாங்கத்தில் ஏதோ பக்கத்தைத் தேட ஆரம்பித்தார். கடைக்காரர் தராசைத் துடைத்தார். ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கிற ஆளின் மூக்கை மை வழியாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு, மூன்றடி தூரத்தில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம்.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வருகிறார் என்று நான் ஊருக்கு வரவில்லை. அந்த வாரத்தில்தான் அது நடந்தது. பந்தல் அப்போது கவாத்து முடிந்து, புதுத் தளிர் விட்டு, பிஞ்சு பிடித்திருந்த சமயம். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பெரியகுளம் கூட்டிப்போகவேண்டும், நீயே போய் வா என்று அண்ணன் அக்காவை அனுப்பியிருக்கிறார். பஸ் செலவுக்குக் காசும் கொடுத்து, வழியில் சாப்பிடுங்க என்றும் சொல்லியிருக்கிறார். இருவரும் சாயங்காலம் திரும்பி வந்தபோது கொடிகளின் அடித்தண்டெல்லாம் முழங்கால் உயரத்தில் அறுபட்டுக் கிடந்தன.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் பார்த்தபோது கல்லும் கம்பியும் அப்படியே நின்றன. மேலே இலை சருகாகி இருந்தது. பிஞ்சுகள் மிளகு மாதிரி சுருங்கி, கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா கீழே நின்று ஒவ்வொரு சணல் கயிறாக அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி உதவும் என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

என் கோபத்துக்கு ஒரு உருப்படியான காரணம் அன்றைக்குத்தான் கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது, வழி நெடுக இரண்டு பக்கமும் பந்தல்கள் பச்சையாக நின்றன. எனக்கு முதலில் உறைக்கவில்லை. அக்காவின் காய்ந்த பந்தலைப் பார்த்த பிறகு திரும்பிப் போய் மறுபடி பார்த்தேன். உரக்கடையில் தலையாட்டிய ஒருவர்கூடத் தன் பந்தலில் ஒரு இலையைத் தொடவில்லை. ஜோசியரின் மருமகன், அதே உரக்கடைக்காரர், தன் கொடிக்குப் புதிதாகத் தொழுவுரம் வைத்திருந்தார்! டெல்லிக்காரரின் சுக்கிரன் ஊர் முழுக்க நீசமாகி, அக்காவின் ஒரு ஏக்கரில் மட்டும் வந்து வெட்டியிருக்கிறது.

நேரே கடைக்குப் போய் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முகம் சிறுத்துவிட்டது. "புதுசா வைக்காதீகன்னுதான் சொன்னேன் ஆத்தா. இருக்குறத வெட்டச் சொல்லல. நெசமாச் சொல்லல" என்றார்.

"அப்ப எங்க அண்ணன்ட்ட வந்து சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"அது ஒங்க வீட்டுச் சங்கதியாச்சே."

நாட்டின் கஜானாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர், இது வீட்டுச் சங்கதி என்று முடித்துக்கொண்டார். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் வெட்டியது அவரில்லை என்பது புரிந்துவிட்டது. ஏன் வெட்டினார்கள் என்பது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் புரிந்தது.

ஞாயிறு அக்காவின் முறை. அவள் நிலத்தில் பந்தலுக்குக் கீழே அடிக்கட்டைகளைப் பிடுங்கி, எள் விதைப்புக்காக ஏற்கெனவே உழுது போட்டிருந்தது. எள்ளுக்கு என்ன தண்ணீர் வேண்டும்? ஈரத்தில் விதைத்து, எப்போதாவது ஒருமுறை நனைத்தால் போதும். திராட்சைக்குத்தான் முறை தவறாமல் பாயவேண்டும். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டு நான் கிணற்றுப் பக்கம் போனேன். தண்ணீர் வாய்க்காலில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. அண்ணனின் வாழைக்கு. அந்த வருஷம்தான் அவர் புதிதாக இரண்டு ஏக்கர் வாழை வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டிருந்தது. ஐந்து நாள் முறை அவருக்குப் பத்தவில்லை. இதுதான் சங்கதி. சனியும் இல்லை, சுக்கிரனும் இல்லை, சொகுசு வரியும் இல்லை. இரண்டு நாள் தண்ணீர்.

ஒன்றை மட்டும் அண்ணனுக்கு ஆதரவாகச் சொல்லலாம். அவர் திட்டம் போட்டு ஜோசியரிடம் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஜோசியத்தைக் கேட்டார், அது அவருக்குத் தேவையானதைச் சொன்னது, உடனே பக்தி வந்துவிட்டது. தனக்கு வேண்டாததைச் சொல்லியிருந்தால் மற்றவர்களைப் போலத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். இது ஆதரவா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வைக்கோலைப் பிரித்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நான் பஸ் ஏறிவிட்டேன். இன்னும் ஒரு ராத்திரி அந்த வீட்டில் இருந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

எள் முளைத்தது, பூத்தது. காய் பிடிக்கும்போது டெல்லியில் அந்தத் தலைவரின் ஆட்சி கவிழ்ந்தது. யார் யாரோ கட்சி மாறினார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். உச்சத்தில் இருந்த சனி ஒரு எள்ளு வெள்ளாமை முடிகிறவரைக்கும் அவரைக் காப்பாற்றவில்லை. அவர் சொன்ன கடனும் வரவில்லை, வரியும் வரவில்லை. எங்கள் ஊரில் நடந்த ஒரே மாற்றம், அக்காவின் பந்தலில் கொடி இல்லாமல் கம்பி மட்டும் இருந்ததுதான். உரக்கடையில் கட்டத்தைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். மஞ்சள் தடவிய நாலு மூலை மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் வெட்கம் இல்லை. இரண்டே வாரத்தில் அதே இடத்தில் அடுத்த தலைவரின் கட்டம் வந்துவிட்டது.

எள்ளை அறுத்து, கட்டு கட்டாக நிறுத்திக் காயவைத்து, உதறி எடுத்தபோது நாலு மூட்டை தேறியது. அண்ணன் அதில் ஒரு மூட்டையை வீட்டுச் செலவுக்கு என்று எண்ணெய் ஆட்ட அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அக்கா, வா என்று என்னைக் கூப்பிட்டாள். கையில் மண்வெட்டி. மோட்டார் ரூமுக்குப் போனோம். அண்ணன் முன்பே அங்கே இருந்தார், சுவிட்சுப் பெட்டியின் கதவைத் திறந்துகொண்டு.

எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "ஏத்தா, நல்ல சேதி. இப்ப வந்திருக்கவருக்குச் சுக்கிரன் நல்ல எடத்துல இருக்காம். மாமா சொன்னாக. வேணும்னா நீ மறுபடியும் கொடி வையி. கல்லுங் கம்பியும் இருக்குல்ல, என்ன செலவு?"

"தண்ணி?" என்றாள் அக்கா.

"தண்ணி மொறையப் பெறகு பேசிக்கிருவோம். இப்ப வாழை ஈனுற நேரம்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அண்ணே," என்றாள். "ஒன் வாழை காயிறது எனக்குந் தெரியும். அந்த வழியாத்தான தினமும் நடக்குறேன். தண்ணி பத்தலை தங்கச்சின்னு ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா, ரெண்டு நாள்ல ஒரு நாளை நானே விட்டுக் குடுத்திருப்பேன். கொடிய எதுக்கு அறுத்த?"

பெட்டியின் கதவிலிருந்து அண்ணனின் கை கீழே இறங்கியது. யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, "கேட்டிருந்தா நெசமாவே குடுத்திருப்பியா?" என்றார்.

"குடுத்திருப்பேன்," என்றாள் அக்கா. "இனிமே குடுக்க மாட்டேன்."

அவரை விலக்கிக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போட்டாள். பிறகு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வாழைக்குப் போகிற மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பப் போனாள்.